கண்டுபிடிப்பும் கைநாட்டும்

முதலில் கண்டது யார் என்ற கேள்விக்கு இப்போது நல்ல விலை இருக்கிறது. சீனாக்காரன் கண்டான், இல்லை வெள்ளைக்காரன் கண்டான், இரண்டு பேருமில்லை நம்ம ரிஷிகள் கண்டார்கள், அதுவுமில்லை தமிழன்தான் கண்டான் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மேடையிலும் பாடப்புத்தகத்திலும் கைபேசியிலும் அந்தப் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் உள்ள பொய்களை மறுப்பது சுலபம். புஷ்பக விமானம் பறந்ததா இல்லையா என்று வாதாடி நம் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. உண்மையாகவே இந்த மண்ணில் நடந்த சாதனைகளைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி அந்த உண்மைகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

2022 மே மாதம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் காலம் கி.மு. 2172 எனத் தெரியவந்திருக்கிறது, ஆகவே 4200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இரும்பு புழங்கியது என்றார். 2025 ஜனவரியில் இன்னும் பின்னுக்குப் போனார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரியை வைத்து கி.மு. 3345 என்றொரு காலம் சொல்லப்பட்டது. இதைப் பற்றி ஆய்வாளர்கள் வாதாடுவார்கள், வாதாடட்டும். அது அவர்கள் வேலை.

மயிலாடும்பாறை செய்தி வந்த சமயம் அஞ்செட்டி டீக்கடையில் பையன்கள் குதித்தார்கள். "நம்ம மாவட்டம்டா! இரும்பே நாமதாண்டா கண்டுபிடிச்சோம்!" எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "அதெல்லாம் சரி சாமி. இரும்பு காய்ச்சுனவன் ஊருக்குள்ள இருந்தானா, வெளிய இருந்தானா?"

பையன்கள் சிரித்தார்கள். நாலாயிரம் வருசத்துக்கு முன்னால் ஊர் ஏது, சேரி ஏது என்றார்கள். பெரியவர் கேட்டது நாலாயிரம் வருசத்துக் கணக்கு அல்ல. இன்றைக்கு அந்தப் பெருமையைப் பங்கு போடும்போது தன் தெருவுக்கு என்ன வரும் என்பதைத்தான் அவர் கேட்டார். "தமிழன் கண்டான்" என்ற வாக்கியத்தில் அந்தத் தமிழன் யார்? நாளைக்குக் கோயில் தேரின் வடத்தைத் தொடப் போனால் அவனைத் தமிழன் என்று விடுவார்களா? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு சில வரலாற்றுச் செய்திகளைப் பார்ப்போம். தேடி அலைய வேண்டாம். எல்லாம் எங்கள் ஒசூர், கிருஷ்ணகிரி எல்லையைச் சுற்றியும் இந்த எல்லையில் நடந்த சண்டைகளிலும் கிடைப்பவைதான்.

*

முதலில் எஃகு. சேலம், மைசூர்ச் சீமைகளில் மண்ணால் செய்த சின்ன மூசைக்குள் இரும்புத் துண்டுகளைப் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் அடுக்கிக் காய்ச்சி உருக்கு எடுத்தார்கள். கன்னடத்தில் அது உக்கு. வெள்ளைக்காரன் வாயில் அது 'வூட்ஸ்' ஆனது. இந்த உருக்குக் கட்டிகள்தான் அரபு நாடுகள் வரை போய் டமாஸ்கஸ் வாள் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற வாள்களாயின. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சாரத்தால் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இதே எஃகின் ரகசியத்தைத் தேடி ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து சோதனை செய்தார்.

இதில் எனக்கு ஆச்சரியமான செய்தி வேறு. 1800-இல் டேவிட் மஷெட் என்பவர் இங்கிலாந்தில் மூசை எஃகுக்குக் காப்புரிமை வாங்கினார். 1825-இல் சார்லஸ் மெக்கிண்டாஷ், மழைக்கோட்டுக்குத் தன் பெயரையே தந்த அதே ஆள், இரும்பைக் கரிவாயுவில் சூடேற்றி எஃகாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பெனி உத்தியோகத்தில் இருந்து பிறகு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், நம் ஆட்கள் எஃகு காய்ச்சுவதை நேரில் பார்த்தவர். இங்கிலாந்தில் தனித்தனியாகக் காப்புரிமை பெற்ற அந்த இரண்டு தத்துவங்களும் இந்த மண் மூசைக்குள் முன்பே ஒன்றாக இருக்கின்றன என்று அவரே எழுதினார். ஆவாரங்குச்சி கரியாகிறது, இலை வாயுவாகிறது. எழுதிய ஹீத்தும் 1839-இல் எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்குத் தன் பெயரில் ஒரு காப்புரிமை வாங்கிக்கொண்டார்.

மஷெட், மெக்கிண்டாஷ், ஹீத், பியர்சன், ஃபாரடே. ஐந்து பெயர் சொல்லிவிட்டேன். மூசையைப் பிசைந்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. எருக்கிலை போதும், இதைவிடக் கூட வேண்டாம் என்று எத்தனையோ உலைகள் வீணாகிய பிறகு கண்டுகொண்ட அந்த முதல் ஆள் யார்? உலையின் துருத்தி ஆட்டுத்தோல். அந்தத் தோலை உரித்தவன், பதப்படுத்தியவன், காற்று ஒழுகாமல் தைத்தவன் யார்? காற்று இல்லாமல் சூடு இல்லை, சூடு இல்லாமல் எஃகு இல்லை. எஃகின் வரலாற்றை எழுதுகிறவர்கள் உலை வரை வந்து நின்றுவிடுகிறார்கள். துருத்திக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் வரை வருவதில்லை.

பிறகு அந்த உலைகள் அணைந்தன. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. கரி சுட மரம் வெட்டினால் குற்றம் என்றானது. அடுத்த சில பத்தாண்டுகளில் தொழிலும் போயிற்று, தொழிலைத் தெரிந்த வாயும் போயிற்று.

*

இரண்டாவது ராக்கெட். 1791 ஜூலையில் காரன்வாலிஸின் படை ஒசூரைப் பிடித்தது, ராயக்கோட்டையைப் பிடித்தது. இந்த வட்டாரத்துக் கோட்டைகள் எல்லாம் மைசூர்ப் போர்களின் கோட்டைகள். அந்தப் போர்களில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் வீசிய இரும்புக் குழல் ராக்கெட்டுகள் வெள்ளைப் படையைக் கலங்கடித்தன. ராக்கெட் சீனாவில் பிறந்தது என்பது உண்மை. மூங்கிலுக்கும் காகிதத்துக்கும் பதிலாக இரும்புக் குழலில் மருந்தை அடைத்ததால் அழுத்தம் கூடியது, தூரம் கூடியது. அது மைசூரின் கொடை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கைப்பற்றிய ராக்கெட்டுகளில் சில இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. சில ஆண்டுகளில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1806-இல் பூலோன் மீதும் 1807-இல் கோபன்ஹேகன் மீதும் அது வீசப்பட்டது. அதற்குக் காங்கிரீவ் ராக்கெட் என்று பெயர்.

அப்துல் கலாம் தன் சுயசரிதையில் ஒன்று சொல்கிறார். 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசாவின் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே வரவேற்பறையில் ராக்கெட் வீசும் திப்புவின் படையை ஓவியமாக மாட்டியிருந்ததைப் பார்த்தாராம். நம் நாட்டில் மறந்த மனிதனை அமெரிக்காவில் மதிக்கிறார்கள் என்று அவர் நெகிழ்ந்தார். நியாயமான நெகிழ்ச்சி. காங்கிரீவா திப்புவா என்று கேட்டால் நானும் திப்பு பக்கம்தான் நிற்பேன். கன்னட நாட்டில் இன்றைக்குத் திப்புவின் பெயரை அழிக்க எவ்வளவு வேலை நடக்கிறது என்று எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

ஆனால் திப்பு குழல் அடிக்கவில்லை. 2018-இல் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர் வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழல்கள் சேற்றிலிருந்து வெளியே வந்தன. அத்தனைக்கும் தகட்டை வளைத்துப் பொருத்தியது பட்டறைக்காரன் கை. உள்ளே அடைக்கும் மருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பழைய ஊர்மேட்டு மண்ணையும் மாட்டுக்கொட்டகை மண்ணையும் சுரண்டி, கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுக்க வேண்டும். அதற்கென்று சாதிகள் இருந்தன. உப்பரவர், உப்பிலியர் என்ற பெயர்களே சாட்சி. எந்த மண்ணில் வெடியுப்பு இருக்கும் என்று நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். அந்த நாக்கை எந்த ஓவியத்தில் பார்க்கிறோம்? காங்கிரீவ் பெயரை அழித்துத் திப்பு பெயரை எழுதினால் வெள்ளைக்காரன் செய்த அநீதி சரியாகிறது. அதற்கும் கீழே இன்னொரு அநீதி அப்படியே கிடக்கிறது.

*

மூன்றாவது கதையும் அதே போரில்தான் தொடங்குகிறது. கவாஸ்ஜி என்ற மராத்தியர் ஆங்கிலப் படையில் மாடு ஓட்டியவர். 1792-இல் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டு அனுப்பினார்கள். (திப்பு பக்கம் நிற்பேன் என்று சொன்ன நான் இதையும் சொல்லத்தான் வேண்டும். ராஜாக்களின் சண்டையில் மூக்கை இழந்தவன் மாடு ஓட்டுகிறவன்.) ஓராண்டு கழித்து பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டில் மூக்கின் அளவெடுத்து, அதை நெற்றியில் பதித்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, இரு புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒட்டு விட்டு, திருப்பிக் கீழே இறக்கி மூக்காகப் பொருத்தினார். இரத்த ஓட்டம் அற்றுப்போகாமல் இருக்கத்தான் அந்த ஒட்டு. புண் ஆறிய பிறகு அதை அறுத்துவிட்டார்.

லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' 1794 அக்டோபர் இதழில் இது வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்பியூ என்ற அறுவை மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார், 1816-இல் புத்தகம் போட்டார். ஐரோப்பாவில் நவீன பிளாஸ்டிக் சர்ஜரி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இனி பெயர்களைப் பாருங்கள். மூக்கு வைத்துக்கொண்டவர் பெயர் இருக்கிறது. நேரில் பார்த்த வெள்ளை டாக்டர்கள் பெயர் இருக்கிறது. கவாஸ்ஜியைப் படமாக வரைந்த ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் பெயர் இருக்கிறது. அந்த ஓவியத்தை அச்சுக்குச் செதுக்கியவர் பெயர்கூட இருக்கிறது. கத்தி பிடித்தவர் பெயர் மட்டும் இல்லை. அவரைப் பற்றி அந்தச் செய்தி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அவர் செங்கல் செய்கிற சாதி.

இன்றைக்கு இந்தச் சாதனை யார் கணக்கில் இருக்கிறது? சுஸ்ருதர் கணக்கில். சுஸ்ருத சம்ஹிதையில் மூக்கு வைக்கும் முறை இருப்பது உண்மை. இலையால் அளவெடுத்துக் கன்னத்துத் தோலை எடுக்கச் சொல்கிறது அந்த நூல். பூனாக்காரர் எடுத்தது நெற்றித் தோல். நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், மேலாக்கியிருக்கிறார்கள். அந்த மேலாக்கிய கைகள் கணக்கிலேயே வரவில்லை. 2014-இல் மும்பையில் ஒரு மருத்துவமனை விழாவில் நாட்டின் பிரதமரே பிள்ளையாரின் யானைத் தலையைப் பிளாஸ்டிக் சர்ஜரிக்குச் சான்றாகச் சொன்னார். சாமிக்குப் பெருமை கொடுக்கிறார்கள், ரிஷிக்குப் பெருமை கொடுக்கிறார்கள். 1794-இல் அச்சில் சாட்சியோடு இருக்கிற செங்கல்காரருக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

வங்காள வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் இதற்கான காரணத்தை நூறு வருசத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அவருடைய இந்து வேதியியல் வரலாற்றின் இரண்டாம் பாகம் 1909-இல் வந்தது. பிணத்தை அறுத்துப் பழகாமல் அறுவை கற்க முடியாது என்பது சுஸ்ருத மரபு. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்பது மனு. மனு ஜெயித்தார். படித்த சாதிகள் கையால் செய்யும் வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. கைத்தொழில்கள் தாழ்ந்த சாதிகளிடம் விடப்பட்டன. ஏன், எப்படி என்று கேட்கிற மூளையும் செய்து பார்க்கிற கையும் பிரிந்தன. இந்தியாவில் அறிவியல் மங்கியதற்கு ராய் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. அம்பேத்கர் 1936-இல் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது என்று சொன்னபோது அதன் அடிவேர் வெளியே வந்தது.

*

எழுதி வைத்திருந்தால்தானே பெயர் தெரியும், எழுதாதது யார் குற்றம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மஞ்சள் வழக்கைப் பார்ப்போம். புண்ணுக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி 1997-இல் அதை ரத்துச் செய்ய வைத்தது. நாடே கொண்டாடியது. எதை வைத்து ஜெயித்தார்கள்? பழைய சமஸ்கிருத ஏடும், 1953-இல் மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் போன்ற எழுத்துச் சான்றுகளை வைத்து. எங்க அவ்வா முழங்கால் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டது சான்று ஆகாது. கோடிக்கணக்கான அவ்வாக்கள் போட்டதும் ஆகாது. அச்சில் வந்தால்தான் அறிவு.

இந்த நாட்டில் எழுத்து யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதக் கூடாது என்று முதலில் தடுப்பது, பிறகு எழுதவில்லையே, சான்று எங்கே என்று கேட்பது. கையை வெட்டிவிட்டுக் கைநாட்டுக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் இதை வெளிப்படையாகவே சட்டமாக்கினார்கள். மிசிசிப்பியில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரரிடம் நெட் என்ற கறுப்பு அடிமை இருந்தார். பருத்திக் காட்டில் களை சுரண்ட ஒரு கருவியை நெட் கண்டுபிடித்தார். அடிமை என் சொத்து, அவன் மூளையில் உதித்ததும் என் சொத்து என்று சொல்லி 1857-இல் ஸ்டூவர்ட் காப்புரிமை கேட்டார். 1858-இல் அரசின் தலைமை வழக்கறிஞர் தீர்ப்புச் சொன்னார்: நெட் குடிமகன் இல்லை, ஆகவே அவனுக்குக் காப்புரிமை கிடையாது, ஸ்டூவர்ட் கண்டுபிடிப்பாளர் இல்லை, ஆகவே அவருக்கும் கிடையாது. ஸ்டூவர்ட் கவலைப்படவில்லை. கருவியைச் செய்து விற்றுக்கொண்டார். 1861-இல் தென்மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது, அடிமையின் கண்டுபிடிப்புக்கு எஜமான் காப்புரிமை பெறலாம் என்றே சட்டம் எழுதினார்கள். நெட் என்ற அந்த ஒற்றைப் பெயராவது நமக்குக் கிடைத்தது, எஜமான் அதைக் காட்டிக் காசு கேட்டதால்தான்.

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் "உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்" என்று அழகாகச் சொல்கிறது. கண்டுபிடித்தவர் பெயரைப் பதியவும் அதில் பிரிவு உண்டு. சட்டம் சரி. கம்பெனிக்குள் என்ன நடக்கிறது? எங்கள் அஞ்செட்டிப் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் ஒசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிறவர்கள். என் தம்பி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. துளை போடுகிற மெஷினில் உருப்படி நழுவி நழுவி வீணாகிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு பழைய ரப்பர் துண்டையும் தகட்டையும் வைத்து ஒரு பிடிமானம் செய்தான். வீணாவது நின்றது. யோசனை சொல்கிறவர்களுக்குப் பரிசு என்று அங்கே ஒரு திட்டம் உண்டு. அந்தப் படிவத்தில் தொழிலாளி எண் எழுத வேண்டும். காண்ட்ராக்ட் ஆளுக்கு எண் கிடையாது. சூப்பர்வைசர் தன் எண்ணை எழுதினார். மாட்டிய போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "அவரு கெட்டவரு இல்லண்ணா, எனக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தாரு" என்றான் தம்பி. எண் இல்லாதவன் நினைத்தது நினைப்பாகாது. 1858-இல் நெட்டுக்குச் சொன்ன தீர்ப்பும் இதுதானே?

*

இந்த இடத்தில் நம் ஆட்களிடமே ஒரு விவாதம் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

தெலுங்கு நாட்டுச் சிந்தனையாளர் காஞ்சா அய்லய்யா, தோல் பதனிடுகிறவரும் பானை வனைகிறவரும் துணி வெளுக்கிறவரும்தான் இந்த நாட்டின் உண்மையான விஞ்ஞானிகள் என்று தொடர்ந்து எழுதிவருகிறார். படிக்கும்போது ரத்தம் சூடாகிறது. எங்க தாத்தா கவலை தைத்தவர். எங்கள் பக்கம் கபிலை என்றும் சொல்வார்கள். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் சாலுக்கு அடியில் ஒரு நீளமான தோல் வால் இருக்கும். அதன் நுனியைத் தனிக் கயிறு மேலே தூக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் அந்தக் கயிறு வாலை முன்னால் இழுக்கும், தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும். ஆள் கை வைத்துக் கவிழ்க்க வேண்டியதில்லை. ஒரு ஆணி இல்லை, ஒரு பல்சக்கரம் இல்லை. தோலும் இரண்டு கயிறும். கரண்ட் மோட்டார் வரும் வரைக்கும் இந்தப் பக்கத்து ராகியும் நெல்லும் இந்தத் தோல் வாலைக் குடித்துத்தான் விளைந்தன. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடக் கொண்டுவந்தபோது, கவலைச் சாலுக்கு நாள்பட உழைக்கிற தோல் என்பது அதற்கு ஒரு நோக்கம். சாட்டர்டன் பெயர் தொழில் வரலாற்றில் இருக்கிறது. தானாகக் கொட்டும் வாலை யோசித்தவன் எங்கள் சாதிக்காரன் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆக அய்லய்யா சொல்வது சரி. தாத்தா தெருவில் விஞ்ஞானம் இருந்தது. ஆனால் அந்த விஞ்ஞானிக்கு ஊர்க் கிணற்றில் என்ன உரிமை இருந்தது? அவர் தைத்த சால் கிணற்றுக்குள் இறங்கும். அவர் இறங்கக் கூடாது. அவர் கைபட்ட தோலில் வந்த தண்ணீர் வயலுக்கு ஆகும். அவர் குடத்தில் வந்தால் தீட்டு. எனக்கு இதுதான் உலகத்திலேயே பெரிய வரலாற்று அதிசயம். இதை எந்தப் பட்டியலிலும் போடவில்லை.

இன்னொரு பக்கம் இருந்து வரும் குரலையும் கேளுங்கள். பெருமை பேசுகிறாயே, உன் பையனைத் தோல் தைக்க விடுவாயா என்று கேட்கிறார்கள். இது பறை விவாதத்தில் வந்த கேள்விதான். பறையைத் தூக்கி எறி, சாவுக்கு அடிக்காதே, அது நம் அடிமைச் சின்னம் என்று ஒரு தலைமுறை போராடியது. அதற்காக அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் அனுபவித்தார்கள். அடுத்த தலைமுறை பறையை எடுத்து மேடையில் வைத்து, இது நம் கலை, விடுதலை இசை என்றது. இரண்டு பக்கமும் நம் தோழர்கள். எறிந்தவர்களை எடுத்தவர்கள் பழமைவாதி என்றார்கள். எடுத்தவர்களை எறிந்தவர்கள் ஏமாளி என்றார்கள். குலத்தொழிலைப் புகழ்ந்து புகழ்ந்தே ஒருவனை அதில் உட்கார வைத்துவிட முடியும் என்ற பயம் வீண் பயம் இல்லை. நம் முதுகில் தட்டிக்கொடுத்த கைகளெல்லாம் நம்மை எழுப்பிவிட்ட கைகள் அல்ல.

நான் நினைப்பது இது. ஒரு அறிவுக்கு உரிமை கொண்டாடுவது வேறு, அந்த வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் வேறு. சாதி இந்த இரண்டையும் திருப்பிப் போட்டு நமக்குக் கொடுத்தது. கட்டாயத்தை நமக்கு வைத்தது, உரிமையை எடுத்துக்கொண்டது. நாம் திருப்பிக் கேட்க வேண்டியது உரிமையை. தூக்கி எறிய வேண்டியது கட்டாயத்தை. பறையை எறிந்தவரும் எடுத்தவரும் இந்த ஒரே வேலையின் இரண்டு பாதியைச் செய்தார்கள் என்று இன்றைக்கு எனக்குப் படுகிறது.

கர்நாடக சங்கீதத்தில் இது அப்படியே தெரியும். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 2020-இல் ஒரு புத்தகம் எழுதினார். தஞ்சாவூர் செபாஸ்டியன் வழிவந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்துக் கதை அதில் இருக்கிறது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தை நாடே வணங்கியது. அந்த நாதத்துக்காக அவரோடு சேர்ந்து தோலைத் தேடித் தேடிச் சோதித்தவர் அந்தக் குடும்பத்துப் பர்லாந்து. பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த மண்டபத்தை கலாக்ஷேத்ரா திருப்பி வாங்கிக்கொண்டது. ஓசைக்கு இடம் உண்டு, அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று பேச இடம் இல்லை.

இதற்கு மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. அகத்தியமலையில் 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிப் பழங்குடி மக்கள், களைப்புத் தெரியாமல் இருக்கத் தாங்கள் சாப்பிடும் ஒரு காயைக் காட்டினார்கள். அதிலிருந்து வந்த மருந்தின் உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1997-இல் அதற்கு ஓர் அறக்கட்டளையும் வந்தது. அதில் குறைகள் உண்டு. ஆனாலும் எழுதாத அறிவுக்குக் கணக்குப் போட முடியாது என்று சொன்னவர்கள் வாயை அது அடைத்துவிட்டது. போட முடியும், மனசு இருந்தால்.

*

மயிலாடும்பாறைக்கே திரும்பிப் பார்த்தால், அங்கே கிடைத்த இரும்பில் ஒரு பெயரும் பொறித்திருக்காது. அதை யாரும் தன் சாதிக்கு எழுதிக்கொள்ள முடியாது, நாமும்கூட. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்தின பெருமையைப் பிடுங்க நமக்கு ஆள்பலம் வேண்டாம். ஐம்பது வருசத்துக்கு முந்தின பெயர்கள் இன்னும் நம் தெருக்களில் உயிரோடு இருக்கின்றன. கவலை தைத்தவர், துருத்தி தைத்தவர், காட்டு மருந்து அரைத்தவர், பிள்ளைப்பேறு பார்த்த அவ்வா, கம்பெனியில் எண் இல்லாமல் மெஷினைச் சரிசெய்த பையன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் என்று ஊர் ஊராகப் போய் மாணவர்கள் இவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்கில், கன்னடத்தில் சொன்னால் கன்னடத்தில். எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள். எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடுக்காமல் ஏமாற்றியதையும் எழுதுங்கள். முழுப்பெயரை, அப்பா பெயர் அம்மா பெயரோடு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

அடுத்த முறை மேடையில் யாராவது தமிழன் கண்டான், இந்தியன் கண்டான் என்று சொன்னால் கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் எங்கள் தெருப் பெரியவர் கேட்டதைக் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை நாம் எழுதிக்கொண்டிருப்போம்.